தட்டில் இருந்த அதே காய்ச்சல்

ஒரகடத்தில் ஒரு தடுப்பூசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பன்றியின் சிறுநீரகச் செல்களைத் தட்டில் வளர்த்து, மனிதருக்குத் தொற்றாத, பன்றிகளுக்கு மட்டுமே வரும் பன்றிக்காய்ச்சலின் வைரஸை அவற்றில் விட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பேன்.

உயிருள்ள எந்தச் செல்லிலும் ஆக்சிஜனிலிருந்து கொஞ்சம் நச்சு உண்டாகும். செல் அதை உடனுக்குடன் துடைத்துவிடும். வைரஸ் புகுந்துவிட்டால் துடைத்து மாளாது. சேர்ந்த நச்சு செல்லையே அரிக்கத் தொடங்கும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்போம். அதற்கென்று ஒரு சாயம் விட்டால், நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் பச்சையாக ஒளிரும்.

வைரஸ் எங்களோடு ஒட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதால், பன்றிகள் இருக்கும் இடத்துக்கு நாங்கள் போகக் கூடாது என்பது விதி. மணிமங்கலத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா பன்றி வளர்த்தார். கொட்டகை ஊருக்கு வெளியே, ஏரிப் பக்கம். நான் போனதில்லை. ஆனால் பன்றிகளுக்காக அவர் வீடு வீடாகக் கொண்டுவரும் வாளியில் மிச்சச் சோற்றைப் போட்டிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் அக்கா வெறுங்கையோடு வந்தார்.

"ரெண்டு பன்னி ஒண்ணும் துன்னாம படுத்துகினே கீது. காதெல்லாம் செவந்துபோச்சு. வந்து பாரும்மா, உன் வேலையே அதானே?"

"நான் வரக் கூடாதுக்கா. கவர்மெண்ட் டாக்டரைக் கூப்பிடுங்க. எதையும் வித்துடாதீங்க."

"எதிர்வூட்டுல கீற நீயே வர மாட்டேன்ற!"

டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். சந்தேகம் இரண்டு நோய்களின் மேல். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் என்றால் தடுப்பூசி கிடையாது. கொட்டகையில் இருக்கும் எல்லாப் பன்றிகளையும் கொன்றுவிட வேண்டும். வெகுகாலமாக இங்கே இருந்துவரும் பழைய பன்றிக்காய்ச்சல் என்றால் மற்றவற்றுக்கு ஊசி போடலாம். அக்கா இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். என்னால் வேண்ட முடியவில்லை. என் தட்டில் இருந்தது அந்த இரண்டாவதுதான்.

ரத்தப் பரிசோதனையின் முடிவும் அதுதான். தெருவிலிருந்தே அக்கா கத்திச் சொன்னார். நான் சிரித்து வைத்தேன். தினமும் உடை மாற்றி, குளித்துவிட்டுத்தான் ஆய்வகத்தை விட்டு வெளியே வருவேன். ஒரு நாளாவது அவசரத்தில் எதையாவது விட்டிருப்பேனோ? சோறு போட்ட கை வழியாக வைரஸ் போயிருக்குமோ?

மறுநாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"விதிப்படிதானே நடந்துக்கிட்ட?"

"ஆமாம் மேடம். ஆனாலும்..."

"அப்ப பாத்துடுவோம்."

அரசு ஆய்வகத்துக்குத் தெரிவித்து, எங்கள் வைரஸின் மரபணுவையும் அக்காவின் பன்றிகளில் இருந்த வைரஸின் மரபணுவையும் ஒப்பிடச் சொன்னார். அதுவரை என்னை வைரஸ் வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். மிச்சச் சோற்றை அக்காவுக்குத் தராமல் குப்பையில் கொட்டினேன். "எம்மேல கோவமா?" என்று அக்கா கேட்டார். படுத்த பன்றிகள் இரண்டும் செத்துப்போயிருந்தன.

ஒப்பீடு வந்தது. எங்களுடையது அல்ல. அக்கா சந்தையில் வாங்கிய குட்டிகளோடு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஊசி போட்ட பன்றிகளில் பெரும்பாலானவை பிழைத்தன. அது உறுதியான அன்று, நான் பயந்தது உட்பட எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"சீக்கு வந்துட்டா மருந்தே கெடையாதா?"

"எங்க ஆய்வகத்துல ஒரு மருந்து விட்டா, சீக்கால செல்லுல சேர்ற நச்சு குறையுதுக்கா. செல் கொஞ்சம் கூட நேரம் உயிரோட இருக்கு."

"அப்ப அத்தக் குடேன்."

"தட்டுல இருக்கிற செல்லுக்குத்தான்க்கா. பன்னிக்கு வேலை செய்யுமான்னு இன்னும் தெரியாது."

"அதயும் சீக்கிரம் பாரு" என்று சொல்லிவிட்டு, ஏரிப் பக்கம் நடந்தார்.