காலி வகுப்பில் நடத்திய ஆங்கிலப் பாடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில் நான் மட்டுமே ஆசிரியர். சாமை அறுவடை வந்தால் பிள்ளைகளோடு ஊரே கொல்லைக்காட்டு வேலைக்குப் போய்விடும். பேச்சுத் துணைக்கும் ஆள் இருக்காது. அப்படியொரு நாளில், ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைக் காலி வகுப்பில் உரக்க நடத்திக்கொண்டிருந்தேன்.

"சூரியனும் சன், மகனும் சன். எழுத்துதான் வேற."

திரும்பினால், கடைசி வரிசையில் கதிர் அரிவாளோடு ஒரு பெண். வேடிக்கை பார்த்துக் கேலி செய்ய வந்தவள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம்.

"உனக்கு இதுல இன்னா புரியுது?"

"ஒன்னும் புரியல சார். தனியா பேசினு இருந்தீங்க. எதிர்ல ஒரு ஆளு இருந்தா நல்லாருக்குமேன்னு குந்தினேன்."

மன்னிப்புக் கேட்காமலே பலகைப் பக்கம் திரும்பி அடுத்த சொல்லை எழுதினேன். அவர் எழுந்து போகவில்லை.

கேலிக்கும் இரக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத வாத்தியார் நான். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.