கூட்டல் குறி

இது நடந்தது. சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள், அந்த நோட்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் சரியாக 2.17-க்கு.

1964, ஏப்ரல். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, கம்மாபுரம் போகும் பக்கம், ஒரு கான்ட்ராக்டர் ஆழமாக வடிகால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். தங்கராசு என்கிற நான் அங்கே சூப்பர்வைசர். இரவு ஷிப்ட். பம்புகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பதும், மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று மணிக்கொரு தரம் எழுதிவைப்பதும் வேலை. பகல் ஷிப்டில் பம்பு ஃபிட்டர் மைக்கேல். அவனுக்கு வாய்க்காலின் அடியில் வேலை. எங்கள் இருவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை, ஒரே கட்டில். நான் எழுந்தால் அவன் படுப்பான்.

நான் டிப்ளமாக்காரன். இன்ஜினியர் ஆக வேண்டுமானால், வேலை பார்த்துக்கொண்டே எழுதும் பரீட்சை ஒன்று உண்டு. இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். இரண்டு முறையும் ஒரே பேப்பர்: கன்டினுவம் மெக்கானிக்ஸ். மண்ணோ இரும்போ தண்ணீரோ, நடுவில் துளி இடைவெளிகூட இல்லாத ஒரே பொருளாக நினைத்துக்கொண்டு, அது எப்படி அழுந்தும், எப்படி இழுபடும் என்று கணக்குப் போடும் படிப்பு. அதன் பெரிய புத்தகம் தலையணை கனம் இருக்கும். எனக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை.

நெல்லிக்குப்பத்தில் பாவாடை என்பவரின் பழைய பேப்பர் கடையில்தான் அதன் சுருக்கப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அறுபத்து நான்கு பக்கம், சைக்ளோஸ்டைல் பிரதி. முதல் பக்கத்தில் 'சுருக்கி எழுதியவர்: சேவியர்ராஜ்' என்று பெயர், நெல்லிக்குப்பம் விலாசம். பக்கங்களின் நடுவே கொஞ்சம் செம்மண்.

"யாரு போட்டாங்க இத?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. காலையில கடையத் தொறக்க சொல்ல வாசல்ல கெடந்துச்சி."

நான் அதற்குமேல் கேட்கவில்லை. அப்போது நான் எதையுமே கேட்பதில்லை. மூன்று மாதமாக இரவு ஷிப்ட். முதலில் தூக்கம் போனது, பிறகு பசி போனது, கடைசியில் எதுவும் தோன்றாமல் போயிற்று. மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் சைட் இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்விட்டார். மேனேஜர் சிங்காரவேல் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் இன்ஜினியருக்குப் படிச்சிகினு இருக்கியேப்பா. கரைய இன்னும் செங்குத்தா வெட்டலாமான்னு கணக்குப் போட்டு வெள்ளிக்கெழம குடு. செங்குத்தா வெட்டுனா வேல சீக்கிரம் முடியும். ஒனக்கும் ஒரு வழி பண்றேன்."

செங்குத்தாக வெட்டிய கரை நிற்குமா, சரியுமா? அதுதான் கேள்வி. சரிந்தால் அடியில் இருப்பவன் மைக்கேல்.

புத்தகத்தின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் சூத்திரம் இருந்தது. மண்ணின் அழுத்தத்தோடு தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டு என்றது. கூட்டினேன். கரை நிற்கும் என்று விடை வந்தது.

ஏப்ரல் 20, திங்கள். கணக்குப் போட்ட நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பாதித் தூக்கத்தில் ஒரு சத்தம். சரக்... சரக்... எலி என்று நினைத்தேன். டைம்பீஸில் மணி 2.17.

எழுந்து பார்த்தால், என் கூட்டல் குறி கழித்தல் குறியாகியிருந்தது. நின்ற கோட்டை மட்டும் யாரோ ரப்பரால் தேய்த்திருந்தார்கள். ரப்பர்த் தூள் சிவப்பாக இருந்தது. கோட்டை மறுபடி போட்டேன்.

செவ்வாய். மறுபடியும் 2.17. மறுபடியும் நின்ற கோடு இல்லை. சாயங்காலம் மைக்கேலைக் கேட்டேன்.

"என் நோட்டுல கைய வெச்சியா?"

"நானா? எனக்கு ரெண்டாம் வாய்ப்பாடே ஒதைக்கும். ஒன் நோட்ட வெச்சி நான் என்னாண்ணே பண்ணப் போறேன்?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

புதன். கதவை உள்ளே தாழிட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். 2.17. நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தால் வரும் சத்தம். பிறகு... சரக்... சரக்...

திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பயத்தால் இல்லை. திரும்பினால் தூக்கம் கலைந்துவிடுமே என்றுதான். அதை இன்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுந்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. கோடு இல்லை. புத்தகத்தில் அதே பக்கத்தின் ஓரத்தில் செம்மண் பெருவிரல் ரேகை. ஈரமாக.

வியாழன். மறுநாள் காலை கணக்கைக் கொடுத்தாக வேண்டும். படுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.15. ஒன்றுமில்லை.

2.16. தோண்டிய மண்ணின் வாடை.

2.17.

நாற்காலி காலி. ரப்பர் மட்டும்... நகர்ந்தது.

சரக்... சரக்...

எழுந்து போனேன். பேனாவை எடுத்தேன். மசியில் போட்டால் அழியாதல்லவா.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

ஈரக் கை. அழுத்திப் பிடிக்கவில்லை. கெஞ்சுகிறவர்கள் பிடிக்கிற பிடி...

கோட்டைப் போட்டேன்.

கை விட்டுவிட்டது. அறை பழையபடி ஆனது. நான் படுத்துத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை கணக்கைக் கொடுத்தேன். கரையைச் செங்குத்தாக வெட்டினார்கள். மே முதல் வாரத்தில் இரண்டு நாள் கோடை மழை. என் பதிவேட்டில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போனது. எழுதிக்கொண்டே இருந்தேன்.

மே 12, செவ்வாய். அறையில் படுத்திருந்தேன். வெளியே ஓடுகிற கால்களின் சத்தம். யாரோ மைக்கேல் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். டைம்பீஸைப் பார்த்தேன். மணி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

கரை சரிந்தபோது மற்றவர்கள் மேலே ஏறித் தப்பித்துவிட்டார்கள். பம்பின் பக்கத்தில் இருந்தவன் அவன் மட்டும். எடுக்க ஆறு மணி நேரம் ஆனது.

பிறகு வந்த ஒரு பெரிய இன்ஜினியர் என் நோட்டையும் புத்தகத்தையும் பார்த்தார். திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்: "பெரிய புத்தகத்துல முதல்லயே ஒரு வரி இருக்கும் தம்பி. இழுக்கிறது பிளஸ், அழுத்துறது மைனஸ்னு. அந்தக் கணக்குக்கு இந்தச் சூத்திரம் சரி. மண் வேலையில நாம தலைகீழா வெச்சிருக்கோம், அழுத்துறதுதான் பிளஸ். அப்போ தண்ணியக் கழிக்கணும். சுருக்கினவன் அந்த ஒரு வரிய விட்டுட்டான்."

தண்ணீர் மண்ணின் பலத்தைக் குறைக்கும். என் கணக்கில் அது பலத்தைக் கூட்டியிருந்தது. ஒரு சின்ன நின்ற கோடு.

மைக்கேலின் குழிமேல் மரச் சிலுவை நட்டார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அது கூட்டல் குறியாகத்தான் தெரிந்தது. அழுகை வரவில்லை.

பரீட்சைக்குப் போகவில்லை. ஜூன் மாதம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் இருந்த விலாசத்தைத் தேடி நெல்லிக்குப்பம் போனேன். சேவியர்ராஜின் மனைவி செசிலியா கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும்.

"அவரு இல்லீங்களே. அம்பத்தொம்பதுலயே பூட்டாரு. வெளியூர்ல வாய்க்கா வெட்ட சொல்ல மண்ணு சரிஞ்சிடுச்சி. கணக்குப் போட்டதும் அவருதான், மாட்டிகினதும் அவருதான். நீங்க யாருங்க?"

புத்தகத்தை நீட்டினேன். வாங்கியவர் முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"இது எப்பிடிங்க ஒங்க கையில வந்துச்சி?"

"பழைய பேப்பர் கடையில."

"இருக்காதுங்க. பெட்டிய மூட சொல்ல நாந்தான் இத அவரு மார் மேல வெச்சேன். ஆணி அடிச்சி, குழியில எறக்கி, மொத மண்ணு போட்டதும் நாந்தான்."

அவர் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்த ரேகையின்மேல் தன் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"மண்ணுலேர்ந்து எடுக்க சொல்ல உசுரு இருந்துச்சிங்க. கழிக்கணும், கழிக்கணும்னு அதையே சொல்லிகினு இருந்தாரு. யார்னா ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்கன்னாரு. என்னாத்த கழிக்கணும், யாருகிட்ட சொல்லணும், ஒன்னும் வெளங்கல. அஞ்சு வருசமா கேக்காத ஆளில்ல. நீங்க படிச்சவரு. ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாதுங்க" என்றேன்.