கொய்யாக் கூறு

கவுஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக நான்தான் கணக்கு டீச்சர். போன வருடம் ஆயக்குடியிலிருந்து தற்காலிக ஆசிரியையாக ஒருத்தி வந்தாள். வந்த மாதமே பிள்ளைகள் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று ஆறாம் வகுப்பில் ஒரு ஜெர்மன் கணித மேதையின் கதையைச் சொன்னேன். கொத்தனார் வீட்டுப் பிள்ளை. ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டச் சொல்லிவிட்டு வாத்தியார் உட்காருவதற்குள் விடையை எழுதிவிட்டாராம். எப்படி என்று பலகை நிறைய எழுதிக் காட்டியும் யாருக்கும் புரியவில்லை.

"நான் சொல்லிப் பாக்கட்டுங்களா டீச்சர்?" வாசலில் அவள். பிள்ளைகளுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த கொய்யாவை மேசையில் பரப்பினாள்.

"எங்க வீட்டுல கொய்யா யாவாரம். இருக்கதுலயே சின்னதோட பெரிய பழத்தச் சேத்துக் கூறு வைப்போம். அடுத்த சின்னதோட அடுத்த பெருசு. அப்பத்தான் எல்லாக் கூறும் ஒண்ணுபோல இருக்கும்."

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "ஒண்ணும் நூறும் நூத்தியொண்ணு. ரெண்டும் தொண்ணூத்தொம்பதும் நூத்தியொண்ணு. மொத்தம் அம்பது கூறு. ஐயாயிரத்து அம்பது, டீச்சர்."

அந்த 'டீச்சர்' எனக்கில்லை.

"வகுப்புல சந்தை போடாதீங்க" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. பழங்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். வருடம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம் அதே பாடத்துக்கு நான் கொய்யா வாங்கிப் போனேன். எல்லோருக்கும் புரிந்தது. "இதை யாரு டீச்சர் கண்டுபிடிச்சது?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

ஜெர்மன்காரரின் பெயரை மட்டும் சொன்னேன். செத்துப்போன மனுஷர்மேல் பொறாமை வராது, பாருங்கள்.