வெர்லீன் கில்லரி போட்ட ஓட்டு

ரிச்மண்டின் தென்பகுதியில் ஒரு வீட்டுப் பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் முதல் தொலைபேசி வக்கீலுக்குப் போகாது, வெர்லீன் கில்லரிக்குத்தான் போகும். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறாள். சேதி வந்த உடனே சர்ச்சுப் பெண்களைக் கூட்டுவாள். தொப்பி, கையுறை, காலுறை வரைக்கும் வெள்ளை உடுத்திக்கொண்டு எல்லாரும் சிறுவர் நீதிமன்றத்துக்குப் போய் முன்வரிசைகளை அடைத்து உட்காருவார்கள்.

பிடிபட்டவனைச் சிறுவனாக விசாரிப்பதா, பெரிய ஆளாக விசாரிப்பதா என்று நீதிபதி தீர்மானிக்கிற நாள் அது. வெர்லீன் எழுந்து நின்று, இவன் இன்னார் மகன், இவன் தாத்தா எங்கள் அப்பா அல்சிட் கில்லரியோடு ஒரே ரயிலில் லூசியானாவிலிருந்து கப்பல் கட்டும் வேலைக்கு வந்தவர், இவன் சித்தி சர்ச்சில் பியானோ வாசிக்கிறாள் என்று வேரோடு எடுத்துச் சொல்வாள். நீதிபதி மோவாயில் கை வைத்துக் கேட்பார். சில பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள், சில பையன்கள் வரவில்லை. ஆனாலும் சொன்னதைக் கேட்க ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாயிரமாம் வருஷம் மார்ச்சில் இருபத்தோராம் எண் சட்ட முன்மொழிவு ஓட்டுக்கு வந்தது. அந்த மாநிலத்தில் சட்டத்தைச் சட்டசபைதான் போட வேண்டும் என்றில்லை. ஜனங்களிடமே கேட்பார்கள், ஜனங்கள் ஆம் என்றால் அது சட்டம். ரௌடிக் கும்பல்களை ஒடுக்கப்போகிறோம் என்றது விளம்பரம். வெர்லீனின் பெரியப்பா மகன் ரேமண்டுக்குக் கடைசிப் பிள்ளை செட்ரிக். பெட்ரோல் பங்கில் நின்றவனை யாரோ சுட்டுப் போட்டுப் போனார்கள், சுட்டவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது. சவப்பெட்டியை மூடவிடாமல் ரேமண்டின் மனைவி பிடித்துக்கொண்டதை வெர்லீன் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

அந்தத் தெருவுக்கு ஓட்டுச்சாவடி ஒரு வீட்டின் கார் கொட்டகை. உள்ளே போய்விட்டால் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அதனால் தம்பி ஆர்லிஸ் தெருமுனையிலேயே அவளை மடக்கினான்.

"அக்கா, இருபத்தொண்ணுக்கு இல்லேன்னு போடு. நம்ம பசங்களத்தான் அள்ளிட்டுப் போவானுங்க."

"நம்ம பசங்க என்ன கும்பலாடா? செட்ரிக்கச் சுட்டவன் மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது."

"போலீஸ்காரன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கறுப்பா இருந்தா போதும்."

"அப்படியே ஒருத்தன் மாட்டினாலும் நாங்க எதுக்கு இருக்கோம்? வெள்ளையக் கட்டிட்டுப் போய் நிப்போம்ல?"

"உன் தொப்பியப் பாத்துப் பயந்துருவாங்களாக்கும்."

"உன் மூஞ்சியப் பாத்துப் பயப்படுறத விட மேல்தான், போடா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஆம் என்று போட்டாள்.

அவள் நினைத்ததில் ஒரு பிழை இருந்தது. தண்டனை கூடும் என்பது அவளுக்குத் தெரியும். நீதிபதி உட்கார்ந்து கேட்கிற அந்த நாளையே எடுத்துவிடுவார்கள் என்பது தெரியாது. அந்த நாள் இல்லாமல் போகும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

செப்டம்பரில் ஆர்லிஸின் மகன் லவெல் பிடிபட்டான். பதினாறு வயது. காரின் முன்சீட்டில் இருந்தவன் இறங்கிப்போய் மதுக்கடையில் துப்பாக்கியை நீட்டினான், லவெல் பின்சீட்டில் இருந்தான். முன்சீட்டுக்காரன் பெயர் போலீஸின் கும்பல் பட்டியலில் இருந்தது. இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஆகவே இவனும் கும்பல் என்றார்கள்.

தொலைபேசியில் ஆர்லிஸ் அழுதான். "அழாதடா. நா இருக்கேன்ல?" என்றாள் வெர்லீன். அவளுக்குப் பிள்ளையில்லை, லவெல்தான் பிள்ளை. அவனைச் சிறுவனாக வைத்து விசாரித்தால் சில வருஷத்தில் வீடு திரும்புவான். பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போனால் அவன் இளமை அங்கேயே முடிந்தது.

சிறுவர் நீதிமன்ற வாசலில் வெள்ளை உடுத்திய சர்ச்சுப் பெண்கள் போய் இறங்கினபோது, அவன் பெயரே அங்கே இல்லை என்றார்கள். பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். வேகாத வெயிலில் தெருவைக் கடந்து ஓடினார்கள். சர்ச்சுப் பெண்களில் மூத்தவளான மதர் ஹேட்டிக்கு முட்டிவலி, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கோர்ட்டுக் காவலன் ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னம்மா, கல்யாண வீடு தேடி வந்துட்டீங்களா?"

"உன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தோம். வழிய விடு" என்றாள் மதர் ஹேட்டி.

உள்ளே வெர்லீன் எழுந்து நின்றாள். லவெல் கையில் விலங்கோடு திரும்பிப் பார்த்து, அத்தை வந்துவிட்டாள் என்று தோளைத் தளர்த்தினான்.

"ஐயா, இந்தப் பிள்ளையப் பத்தி நாங்க பேசணும்."

நீதிபதி கடுமையான ஆள் இல்லை. "அம்மா, அதுக்கு இங்க இடம் கிடையாது. இவனை எந்தக் கோர்ட்டுக்கு அனுப்பறதுன்னு அரசு வக்கீலே முடிவு பண்ணிட்டார். தடுக்க எனக்கு அதிகாரமில்ல."

"அப்ப யாருக்கு இருக்கு?"

"சட்டம் அப்படி. ஜனங்க போட்ட சட்டம்மா. உக்காருங்க."

இன்னாருடைய பேரன் என்று அவள் ஆரம்பித்தாள். காவலன் அவள் முழங்கையைத் தொட்டான். உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் லவெலுக்காக வாதாட அரசாங்கம் கொடுத்த இளம் வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குன்றின் மேலே வசதியான தெருக்களிலிருந்தும் ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்திருக்கிறானாம், அவன் கத்தியைக் காட்டிக் கடையில் பறித்தவன், கையும் களவுமாகப் பிடிபட்டவன். அதே அரசு வக்கீல் அவனைச் சிறுவர் நீதிமன்றத்திலேயே விட்டுவைத்திருக்கிறார். "ஏன்னு கேட்டா அவங்க காரணம் சொல்லணும்னுகூட இல்ல" என்றாள்.

ஆர்லிஸ் சுவரில் சாய்ந்து நின்றான். "நீ எப்படிப் போட்ட, அக்கா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம்.

"ஆம்னு போட்டேன்."

அவன் கத்தவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே மாடிப்படியில் இறங்கிப் போனான். மதர் ஹேட்டி பெஞ்சில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நானுந்தான் போட்டேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

லவெலுக்குப் பத்து வருஷம். பதினெட்டு முடிந்ததும் பெரியவர்கள் சிறைக்கு மாற்றினார்கள். ஆர்லிஸ் அக்காவோடு பேச்சை நிறுத்தியவன் நிறுத்தியவன்தான். ஈஸ்டர் விருந்தில்கூட மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். வெர்லீன் தனியாகப் பேருந்து பிடித்துப் பையனைப் பார்க்கப் போனாள். தோள் அகன்று, கழுத்து தடித்து, முகத்தில் சிரிப்பில்லாமல் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"எப்படிடா இருக்க? எவனும் உன் வம்புக்கு வர்றதில்லையே?"

"வந்த அன்னைக்கே கேட்டாங்க அத்தை. எந்தக் கும்பல்னு. எதுவுமில்லேன்னேன். எதுவுமில்லாதவன் இங்க கிடையாதுன்னாங்க. வெள்ளைக்காரங்க ஒரு பக்கம், மெக்சிகோக்காரங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். எங்க பக்கத்துலயும் நீ எந்தத் தெரு, யாரோட ஆளுன்னு கேப்பாங்க."

"நீ என்னடா சொன்ன?"

சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். புதிதாய்க் குத்தின பச்சையின் ஓரம் அவள் கண்ணில் படத்தான் செய்தது.

"ஒருத்தனா உக்காந்து சாப்பிட விடமாட்டாங்க அத்தை" என்றான் லவெல். "சாப்பிடணும்ல?"