பக்கிரி இடிப்பதில்லை

பக்கிரி எனக்கு நாலாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தான். படித்துறைத் தெருவில் பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு நான் மாடி கட்டியபோது, அவன் எடுத்துப்போன தேக்குக் கதவின் விலை. 'இடித்து' என்று அவன் காதுபடச் சொல்லக்கூடாது. "இடிக்கிறது பொக்லைன் வேலை மொதலாளி. நான் எறக்குறவன்" என்பான், தேரிலிருந்து சாமியை இறக்குகிறவன் மாதிரி.

பழைய கட்டடத்துக்கு விலை சொல்லுமுன் விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பான். "சுண்ணாம்புக் காரை. நல்லா எறங்கும்." வைத்தியன் கெட்டான்!

பாக்கி கேட்டால் ஒரு கட்டடத்தைக் காட்டுவான். "சத்திரம் எறங்கட்டும், தந்துடறேன்." சத்திரம் இறங்கியது. "உப்புக் கிடங்கு எறங்கட்டுங்க." அதுவும் இறங்கியது. என் நாலாயிரத்துக்காக ஆற்றங்கரைத் தெருவே காலி. இப்போது செல்போன் கடைகளும் ஒரு கல்யாண மண்டபமும்தான். படித்துறைக்கு வழி கேட்டால் மண்டபத்துக் கக்கூஸைக் காட்டுகிறார்கள். கக்கூஸ் கோப்பை மட்டும் முதல்தரம். மூன்றாம் வகுப்பு தாண்டாத நான் என் பீங்கான் சூளையில் சுட்டது.

பக்கிரியின் வீட்டைப் பார்க்கவேண்டும். சத்திரத்துத் தூண், கிடங்கு ஜன்னல், என் கதவு. கதவு உயரம் என்று கூரையை வெட்டியிருந்தான். மாடிப்படி உண்டு, ஏறினால் மாடி கிடையாது. "படி கெடச்சுது மொதலாளி, மாடி கெடைக்கல."

போன மாதம் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அவன் சுவரில் சிவப்புக் குறி போட்டார்கள். என் வாசலுக்கு ஓடி வந்தான்.

"இடிக்கிறாங்க மொதலாளி! என் வூட்ட இடிக்கிறாங்க!"

"இடிக்கிறாங்களா, எறக்குறாங்களா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியுமா?

அவன் சிரிக்கவில்லை. பொக்லைன் வருமுன் தன் வீட்டைத் தானே இறக்கினான். தூண், ஜன்னல், என் கதவு எல்லாம் விலைக்கு வாங்கிய புதுச்சேரி ஓட்டல்காரர் ஒருவரின் லாரியில் ஏறின. மாடிப்படியை அவரும் வேண்டாம் என்றுவிட்டார். அவன் பெண்டாட்டி பாஞ்சாலை அந்தப் படியில் உட்கார்ந்து, "ஊரையே எறக்குன கையி, கடைசில என்னையும் தெருவுல எறக்கிடுச்சி" என்றாள்.

மறுநாள் வந்தான். "கைய நீட்டுங்க."

நூறு நூறாக என் உள்ளங்கையில் எண்ணி வைத்தான். பாதியில் நிறுத்தி, ஒரு பைசா கடனில்லாமல் நான் கட்டிய வீட்டின் சுவரை விரல் முட்டியால் தட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு மிச்சத்தை எண்ணி வைத்தான்.