செம்மறி மடிக்கு மார்க்

என் கணவர் சவுதியில் ஒரு செம்மறிப் பால் பண்ணையில் பல வருடம் வேலை பார்த்தவர். கடைசியாக லீவில் வந்தபோது பெட்டியைத் திறந்தேன். அத்தரும் இல்லை, பாதாமும் இல்லை. ஆட்டுப் பால் கறக்கும் மெஷின் இருந்தது. இனி திருக்காட்டுப்பள்ளிப் பக்கமே பண்ணை வைக்கப்போவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் ஊரில் செம்மறிப் பாலை யார் வாங்குவார்கள் என்று நான் கேட்கவே இல்லை. மனுஷன் வீட்டோடு இருந்தால் சரி, ஒட்டகத்தைக் கறந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

ஆனால் ஒன்று. மெஷினுக்குத் தோதான மடியுள்ள ஆடு இங்கே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய வேலைக்கே போய்விடுவார். அங்கே மேஸ்திரி இவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

கோடையில் எங்கள் பக்கத்து வயல்களில் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து செம்மறி மந்தைகள் வரும். ராத்திரி முழுக்க வயலில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாகிவிடும். அந்த வருடம் பக்கத்து வயலுக்குக் கிடை பேசியிருந்தவர் எனக்கு மாமா முறை. மந்தைக்காரக் கீதாரியிடம் இவர் கெஞ்சிக் கேட்டு, குட்டி போட்ட ஆடுகளை மட்டும் மத்தியானம் எங்கள் சிமெண்டுக் களத்துக்கு ஓட்டிவரச் செய்தார்.

"மடியைப் பாத்து என்ன தம்பி செய்யப் போறீங்க?"

"மார்க் போடணும்."

கீதாரி என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

சவுதிப் பண்ணை வழக்கப்படி ஒன்பதுக்கு மார்க். மடி தொங்காமல் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காம்பு தரையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் கப் கழன்று விழும். இவர் ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்னால் குத்தவைத்து, கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னையும் கருத்துக் கேட்டார். நான் எல்லா ஆட்டுக்கும் ஒன்பது போட்டேன்.

"ஏன்டி, காம்பு ஒண்ணு கிழக்கப் பாக்குது, ஒண்ணு மேற்கப் பாக்குது. இதுக்கு ஒம்பதா?"

"மூஞ்சி லட்சணமா இருக்குங்க."

இவர் இரண்டு என்றார். அடுத்ததற்கு மூன்று. எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு கறாராக யாராவது மார்க் போடுவார்களா?

பொழுது சாயும் நேரத்தில் மாமா வந்தார். கையில் கூடை, விளக்குமாறு.

"ஏம்மா, என் வயலுக்குப் பேசின கிடை. உன் களத்துல புழுக்கை போட்டுக்கிட்டு நிக்குது."

"கூட்டிக் குடுத்துடுறேன் மாமா."

"கூட்டிடலாம். மூத்திரத்துக்கு யாரு பதில் சொல்றது?"

அதன்பிறகு இவர் ஒவ்வொரு ஆட்டின் பின்னாலும் குத்தவைக்க, இவர் தோளுக்கு மேலே கூடையை நீட்டியபடி மாமா நின்றார். கீதாரி ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

இருப்பதில் தேவலை என்று ஒரு கறுப்பு ஆட்டைப் பிடித்து மெஷினை மாட்டினார். கொஞ்சம் பால் வந்தது, அப்புறம் வெறும் காற்று. மடி என்னவோ கனமாகத்தான் இருந்தது, காம்புதான் பக்கவாட்டில் மேலே ஏறி நின்றது.

"மதகு மேல இருக்கு மாமா, தண்ணி கீழ கிடக்கு. எப்படிப் பாயும்?" என்றார் இவர்.

"அப்ப குளத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்று சொல்லிவிட்டு, மாமா கூடையோடு மந்தையையும் வயலுக்குக் கிளப்பிக்கொண்டு போனார்.

இவர் களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆடும் தேறவில்லை. பண்ணை கனவாகிப்போனது எனக்குப் பெரிதில்லை, இவர் போய்விடுவாரே என்பதுதான் பெரிது. தேற்றலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து மேஸ்திரியிடமிருந்து போன்.

"இல்லண்ணே, இன்னும் முடிவாகல. ஆடு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் இவர். களத்தில் ஒரு குட்டிகூட இல்லை.

மேஸ்திரி என்னவோ கத்துவது எனக்கும் கேட்டது. இவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"மார்க் நான் போடலண்ணே, என் வீட்டுக்காரிதான் போடுறா. அவ போட்டு முடிக்கட்டும்."