பந்தைப் பார்க்காத டாக்டர்

என் தங்கச்சி டாக்டர்களுக்குப் பாடம் எடுக்கிற டாக்டர். இதை நான் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். "சும்மா இருண்ணே, மானத்தை வாங்காதே" என்பாள். என் தங்கச்சி, நான் பீற்றுவேன், யாருக்கு என்ன?

பெரிய மருத்துவமனையில் அவசரப் பிரிவில் அவளுக்கு வேலை. விடுமுறை வந்தால் மற்ற டாக்டர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். இவள் காலையிலேயே கால்பந்துச் சங்கத்து மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாள். ஆட்டம் நடக்கிற இடத்தில் வைத்தியம் பார்ப்பது எப்படி என்று, படித்து முடித்த டாக்டர்களுக்கு அங்கே வகுப்பு. படித்து முடித்தவனுக்கு இன்னும் என்ன படிப்பு என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஆஸ்பத்திரில பேஷன்ட் நம்மளைத் தேடி வருவான். கட்டில் இருக்கும், லைட் இருக்கும், கேட்டதை எடுத்துக் கொடுக்க நர்ஸ் இருப்பாங்க. இங்க நாமதான் ஓடணும். சேத்துல மண்டி போடணும். சுத்தி நின்னு பத்துப் பேர் கத்துவான். அதுக்கு நடுவுல மூளை வேலை செய்யணும்ல?" என்றாள்.

பள்ளியில் அவள் கோல்கீப்பர். ஒரு ஆட்டத்தில் முழங்கால் திருகி விழுந்தாள். நாலு பேர் நல்ல மனதோடு ஓடிவந்து, கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகப் பிடித்து, மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். விழுந்ததில் கெட்டதைவிடத் தூக்கியதில் கெட்டதுதான் அதிகம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதோடு அவள் ஆட்டம் முடிந்தது. அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அந்த நாலு பேரையும் வீடு வீடாகப் போய்த் திட்டிவிட்டு வந்தேன்.

வகுப்பில் எனக்கும் ஒரு பதவி உண்டு. நான்தான் விழுகிறவன். சரக்கு வேன் ஓட்டுகிற உடம்பு, நன்றாகவே கனக்கும். கழுத்தில் அடிபட்டவன் மாதிரி நான் கிடப்பேன். தலைமாட்டில் இருப்பவர் தூக்கு என்று சொன்னதும், எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் தூக்க வேண்டும். "அண்ணே, கொஞ்சம் சோத்தைக் குறைங்களேன்" என்று முனகியபடி என்னைத் தூக்காத டாக்டர் இந்த ஊரில் குறைவு.

அவளுடைய முக்கியமான பாடம் வேறு. மைதானத்து ஓரமாக நாற்காலி போட்டு டாக்டர்களை உட்கார வைப்பாள். உள்ளே ஆட்டம் நடக்கும். நான் பந்து இல்லாத ஒரு மூலையில் போய்ச் சத்தமில்லாமல் படுத்துவிடுவேன். யார் முதலில் பார்க்கிறார் என்பதுதான் பரீட்சை. பந்து இருக்கிற இடத்தை ஊரே பார்க்கும், டாக்டர் மீதி இடத்தைப் பார்க்க வேண்டும் என்பாள். கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், கண் தானாகப் பந்துக்குப் பின்னால் ஓடிவிடும்.

எல்லோரும் எப்படியோ பழகிக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் தோல் டாக்டர். என் தங்கச்சியைவிடப் பத்து வயதாவது பெரியவர், தலை முக்கால்வாசி வழுக்கை. நான் வைத்த பெயர் களிம்பு டாக்டர். அங்கே ஆடுகிற நீலச் சட்டை அணி என்றால் மனிதருக்கு உயிர். பந்து நகர்ந்தால் அவர் தலையும் நகரும். ஒருநாள் நான் அவருக்கு நேர் எதிரே படுத்தேன். அவர் பார்க்கவே இல்லை. காத்திருந்து காத்திருந்து எனக்கு நிஜமாகவே தூக்கம் வந்து குறட்டை விட்டேன். அதைக் கேட்டுத்தான் ஓடிவந்தார்.

"சாரி மேடம், அருமையான பாஸ் ஒண்ணு போச்சு" என்றார்.

"அந்தப் பாஸ் போற நேரத்துல எங்க அண்ணன் செத்துப் போயிட்டான் சார்" என்றாள் தங்கச்சி. மனிதர் முகம் வாடிவிட்டது. இரண்டு முறை அவரைத் தேர்ச்சி இல்லை என்று திருப்பி அனுப்பினாள். இரண்டு முறையும் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதற்கிடையில் சங்கத்துச் செயலாளருக்கு இந்த வகுப்பே எரிச்சல். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும்போது ஓரத்தில் டாக்டர் எதற்கு என்பார். தங்கச்சி விடாமல் நச்சரித்ததில், கோப்பை இறுதியாட்டத்துக்கு மட்டும் அணிக்கு ஒரு டாக்டர் உட்காரலாம் என்று இறங்கிவந்தார்.

"ஆனா ஒண்ணு டாக்டரம்மா. ரெஃப்ரி கூப்பிடாம உங்க ஆள் ஒருத்தர் உள்ள கால் வச்சாலும், அன்னியோட வகுப்பை மூட்டை கட்டிடுங்க. மைதானம் கிடையாது."

தங்கச்சி சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்து தன் டாக்டர்களிடம் சொன்னாள்: "விசிலுக்குக் காத்திருங்க. ஆனா யாரும் மேல படாம, தானா ஒருத்தன் சரிஞ்சு விழுந்தா, அது இதயம்னு வச்சுக்கிட்டு ஓடுங்க. அப்போ எவனையும் கேக்காதீங்க. வகுப்பு போனா போகட்டும்." அவள் இத்தனை வருடம் உயிரைக் கொடுத்து வளர்த்த வகுப்பு அது.

சிவப்பு அணிக்கு வகுப்பில் இருந்த ஒரு எலும்பு டாக்டரைப் போட்டாள். நீல அணிக்குக் களிம்பு டாக்டரைப் போட்டாள். நான் கத்தியே விட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா? அந்த ஆள் கோலைப் பாத்துட்டுக் குதிப்பாரு!"

"அந்த டீம்ல யாரு எப்படி ஓடுவான், எப்படி மூச்சு வாங்குவான்னு அவருக்குத்தான்ணே தெரியும். பந்தை மட்டும் விட்டுட்டா அவரை மாதிரி ஆளே கிடையாது. விட்டுருவாரு பாரு."

இறுதியாட்டத்தன்று மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. நானும் தங்கச்சியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு அணியும் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போயின. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், நீல அணியின் தடுப்பாட்டக்காரர், நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், தன் கோலுக்குப் பக்கத்திலிருந்து பந்தை ஓங்கி உதைத்தார். பந்து அந்தக் கோடிக்குப் பறந்தது. மைதானமே எழுந்து நின்று அந்தப் பக்கம் பார்த்தது. நானும் அந்தப் பக்கம்தான் பார்த்தேன். திடீரென்று தங்கச்சி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

இந்தக் கோடியில், பக்கத்தில் யாருமே இல்லாமல், நெட்டையன் கிடந்தார். களிம்பு டாக்டர் பையும், இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற மெஷினுமாக ஏற்கெனவே பாதி தூரம் ஓடியிருந்தார். விசில் இல்லை, யாரும் கூப்பிடவில்லை.

அதே நொடியில் அந்தக் கோடியில் நீல அணி கோல் போட்டுவிட்டது. கூரை பிய்த்துக்கொள்கிற சத்தம். ரெஃப்ரி திரும்பினார், உள்ளே டாக்டரைப் பார்த்தார், கையை ஆட்டி கோல் செல்லாது என்றார். கோல் விழும்போது அந்த அணியின் ஆள், டாக்டராகவே இருந்தாலும், கூடுதலாக ஒருவர் உள்ளே இருந்தால் அதுதான் விதி. கோப்பை போயிற்று என்று ஜனங்களுக்குப் புரிந்ததும் தண்ணீர் பாட்டில்கள் களிம்பு டாக்டரை நோக்கிப் பறந்தன. என் பக்கத்தில் இருந்த ஒருவன் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். "அண்ணே, விடு அவனை" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி வேலியைத் தாண்டி ஓடினாள். அந்த முழங்காலோடு!

நான் போய்ச் சேர்ந்தபோது நெட்டையனின் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கூட ஆடும் இருவர் வலிப்பு என்று நினைத்து அவர் வாயைத் திறக்கப் பார்த்தார்கள். "வலிப்பு இல்ல, தள்ளுங்கடா!" என்று களிம்பு டாக்டர் போட்ட அதட்டலில் இருவரும் பின்னால் விழாத குறை. சட்டையைக் கிழித்தார், மார்பை அழுத்தினார். எலும்பு டாக்டரும் வந்து மண்டியிட்டார். ஒருவர் அழுத்த, மற்றவர் வியர்வையைத் துண்டால் அழுந்தத் துடைத்து மெஷினின் பட்டைகளை ஒட்டினார். என் தங்கச்சி ஒரு விரல்கூட வைக்கவில்லை. கூட்டத்தை இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்தபடி நின்றாள்.

"யாரும் தொடாதீங்க!" மின்சாரம் பாய்ந்தது. மறுபடி அழுத்தினார்கள். மைதானம் மெல்ல அடங்கியது. பாட்டில் எறிந்தவர்கள் எறிந்த கையோடு நின்றார்கள்.

நெட்டையன் இருமினார். கையைத் தூக்கி, தன் மார்பை அழுத்துகிற கையைத் தட்டிவிட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "கோலா?" என்றார்.

"கோலாவது மண்ணாவது. மூச்சு விடுய்யா" என்றார் களிம்பு டாக்டர். சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓடிவந்த செயலாளர் பக்கத்தில் வந்து நெட்டையனைப் பார்த்ததும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "டாக்டரம்மா, நம்ம மைதானம் எல்லாத்துக்கும் ஆள் வேணும். எப்பத் தருவீங்க?" என்றார். மூட்டை கட்டுகிற பேச்சே வரவில்லை. நான் விடுவேனா? "இப்பவே தேதியைச் சொல்லுங்க சார், மைதானத்தை எழுதிக் கொடுங்க" என்று பிடித்துக்கொண்டேன். தங்கச்சி என்னை முறைத்தாள்.

அன்று முடியாமல் நின்றுபோன ஆட்டத்தைச் சில வாரம் கழித்து மறுபடி நடத்தினார்கள். நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்து வீட்டுக்கு வந்திருந்த நெட்டையன், மனைவியோடு எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். களிம்பு டாக்டர் தன் நாற்காலிக்கு நடந்துபோனபோது, முன்பு பாட்டில் எறிந்த அதே ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. சிவப்புச் சட்டைக்காரர்களும் எழுந்தார்கள். நான் விசிலடித்ததில் உதடு வலித்தது. மனிதர் கூச்சத்தோடு கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதியில் நீல அணி கோல் அடித்தது. இந்த முறை செல்லும். கோப்பையும் கிடைத்தது போலத்தான். நெட்டையன் துள்ளி எழுந்தார், மனைவி அவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தபடியே நெட்டையன் கையைக் குவித்து ஓரத்து நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்: "டாக்டர்! கோலு! பாத்தீங்களா?"

களிம்பு டாக்டர் திரும்பவில்லை. காலியாகக் கிடந்த இந்தக் கோடியில், ஆளில்லாமல் தனியாக நின்ற நீல அணியின் கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் காது வரைக்கும் சிரித்தது.

"இல்லப்பா. யாரு அடிச்சா?"

என் தங்கச்சி எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அவருக்காகக் கைதட்டினாள்.